ஒன்பது நாள் தண்ணீர்

சேசு மரி சூசை

நெரவி
14.7.1985

அன்புத் தம்பி தெனிசுக்கு அக்கா டெய்சி எழுதுவது. மாதா காவலில் நீயும் ஜோசெஃபினும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் பிள்ளை அமலராணியும் சுகம். உன் அத்தானையும் சேர்த்துச் சுகம் என்று எழுதப் பேனா வரவில்லை.

மூன்று மாதமாக அவருக்கு நெஞ்செரிச்சல். பகலில் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வேலையில் இருக்கும்போது ஒன்றும் தெரிவதில்லையாம். ராத்திரி படுத்தால்தான் வருகிறது. கடையில் விற்கிற இளஞ்சிவப்பு மாத்திரையை மென்றுவிட்டுப் படுப்பார். ஒரு மணி நேரம் நன்றாகத் தூங்குவார். பன்னிரண்டு, ஒரு மணிக்கு எதுக்களித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஆப்பசோடாவைக் கரைத்துக் குடித்து ஏப்பம் விடுவார். அதுவும் அரை மணிதான் தாங்குகிறது. பிறகு விடிகிறவரை நாற்காலியிலேயே. "என்னங்க பண்ணுது" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, நீ படு" என்கிறார்.

தெனிஸ், நம் அப்பாவும் இப்படித்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உனக்கு அப்போது ஒன்பது வயது, ஞாபகம் இருக்காது. கட்டி என்று சொல்லும்போது காலம் கடந்துவிட்டது. அந்த வார்த்தையை நான் உன் அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழாய் விட்டுப் பார்க்கலாம் என்றால் கோபித்துக்கொள்கிறார். நீ மருந்துக் கடையில் வேலை செய்கிறாய். அங்கே யாரையாவது கேட்டு எழுது. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜோசெஃபினுக்கு என் அன்பைச் சொல்.

அக்கா டெய்சி


லியோன்
2.8.1985

அன்புள்ள அக்காவுக்கு, உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் நலம். வெயில் காலம் என்று இங்கே சொல்கிறார்கள், நான் நம்புவதில்லை.

நான் கடையில் பெட்டி அடுக்குகிறவன், டாக்டர் இல்லை. ஆனாலும் எங்கள் கடை முதலாளியம்மா மதாமிடம் பொதுவாகக் கேட்டேன். வயிற்றில் அமிலம் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் அதிகம் சுரக்குமாம். அத்தான் மெல்லுகிற மாத்திரையும் ஆப்பசோடாவும் அதுவரை சுரந்ததை மட்டும் தணிக்கும். வயிறு மறுபடி சுரந்துகொண்டே இருக்கும். எரிகிற அடுப்பில் ஒரு சொம்புத் தண்ணீர் தெளித்துவிட்டு, விறகை இழுக்காமல் விட்டது போலத்தான். இப்போது வேறு மாத்திரை வந்திருக்கிறது. அது சுரப்பதையே அடக்கிவிடும். படுக்கும்போது ஒன்று போட்டால் விடியும்வரை வயிறு சும்மா இருக்கும்.

போன வருஷம் எனக்கு வயிற்றில் புண் என்று டாக்டர் அதை எழுதிக் கொடுத்தார். நான்தான் பாதியில் நிறுத்திவிட்டேன். மிச்சம் இருபத்தெட்டு இருக்கிறது. நம் தெருக்கோடி ரோழே லீவில் வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். ராத்திரி ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். ஏழு மணிக்கெல்லாம் சாப்பாட்டை முடிக்கச் சொல். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வை.

எரிச்சல் நின்றுவிட்டது என்று பாண்டிச்சேரிப் பயணத்தை விட்டுவிடாதே. வலி தெரியாவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. அமலராணியைப் படிக்கச் சொல், சினிமாப் புத்தகம் அல்ல.

தம்பி தெனிஸ்


சேசு மரி சூசை

நெரவி
10.9.1985

அன்புத் தம்பிக்கு, உங்கள் இருவருடைய சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். ரோழே வந்தான். மாத்திரையோடு நீ அனுப்பிய சாக்லேட் பாதி உருகி, பாதி அவன் வயிற்றுக்குள் போயிருந்தது.

முதல் ராத்திரி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தார். பன்னிரண்டு அடித்தது, ஒன்று அடித்தது. எழுந்திருக்கவில்லை. எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. நாலு மாதமாக அவர் இருமுவதையும் ஏப்பம் விடுவதையும் கேட்டுக்கொண்டே படுத்த காது, ஒன்றும் கேட்காமல் பயந்துபோயிற்று. மார்பில் கை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். காலையில் ஐந்தரைக்கு எழுந்து, "தெனிசுக்குக் கோயில் கட்டணும்டி" என்றார். நான் அழுதுவிட்டேன்.

பாண்டிச்சேரி என்றால் சிரிக்கிறார். "நல்லாத்தானே தூங்குறேன். எதுக்குக் கொழாய முழுங்கணும்?" என்கிறார். அவர் சிரிக்கிறார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவின் நினைப்பு விடமாட்டேன் என்கிறது. என்னால் முடிந்ததை வேறு வழியில் செய்யப் போகிறேன். எழுதினால் நீ கேலி செய்வாய், அதனால் எழுதவில்லை.

ஜோசெஃபின் அதிகம் வேலை செய்ய வேண்டாம் என்று சொல்.

அக்கா டெய்சி


லியோன்
28.9.1985

அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் நலம். அத்தான் தூங்குகிறார் என்று படித்ததும் எனக்கும் அன்றைக்கு நல்ல தூக்கம்.

நான் கேலி செய்வேன் என்றால் அது அந்தோணியார் விஷயமாகத்தான் இருக்கும். அவர் காணாமல் போன சாவியைக் கண்டுபிடிப்பவர், அக்கா. வயிற்றுக்குள் அவருக்கு என்ன வேலை? என்ன செய்யப் போகிறாய் என்று எழுது. எழுதாவிட்டால் அதைவிட மோசமாகக் கேலி செய்வேன். மாத்திரை இதற்குள் தீர்ந்திருக்கும். பாண்டிச்சேரிக்குத் தேதி குறித்து எழுது.

தம்பி தெனிஸ்


சேசு மரி சூசை

நெரவி
27.10.1985

அன்புத் தம்பிக்கு, சர்வேசுரன் கிருபையால் எல்லாரும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுது. இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வாய்க்கால் முட்டி நிற்கிறது. நேற்று ராத்திரி காரைக்காலிலிருந்து அவர் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார்.

நீ கொடுத்த மாத்திரை போன மாதமே தீர்ந்தது. இப்போது அதே மாதிரி இங்கே கடையிலும் வந்துவிட்டது. சீட்டெல்லாம் கேட்பதில்லை, பெயரைச் சொன்னால் எடுத்துக் கொடுக்கிறார்கள். மழைக்கு எரிச்சல் கூடுகிறது என்று ராத்திரிக்கு இரண்டாகப் போட்டுக்கொள்கிறார். நான் சொன்னால் கேட்பவரா?

சரி, கேலி செய்துகொள். வாய்க்கால் ஓரத்து அந்தோணியார் குருசடிக்கு நவநாள் நேர்ந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக் காசியம்மாவின் மகளுக்குத் தீராத வயிற்று வலி அங்கே தீர்ந்தது. ஒன்பது நாளும் விடியுமுன் குருசடிக் கிணற்றில் தண்ணீர் மொண்டு, முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டுக் கொண்டுவர வேண்டும். நோயாளி எழுந்ததும் பச்சைத் தண்ணீர்கூட வேறு குடிக்காமல், வெறும் வயிற்றில் ஒரு செம்பு குடிக்க வேண்டும். வீட்டில் எல்லாரும் ஒரு வாய் குடிக்க வேண்டும். மந்திரித்த தண்ணீரை அடுப்பில் ஏற்றக் கூடாது. மழையால் கிணறு நிறைந்து, கையால் மொள்ளலாம் போல இருக்கிறது. நாளைக்கு ஆரம்பம்.

அவர் மறுப்பார் என்று நினைத்தேன். "நீ முழங்காலில நிக்கிறப்ப நான் ஒரு செம்பு குடிக்க மாட்டேனா" என்றார். அந்தச் சொல் போதும் எனக்கு. நீயும் அங்கேயிருந்து ஒரு கர்த்தர் கற்பித்த ஜெபம் சொல்.

அக்கா டெய்சி


லியோன்
10.11.1985

அக்கா,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அத்தான் நலமா என்று மட்டும் கேட்டு நேற்றே தந்தி அடித்தேன். அத்தான் எப்படி இருக்கிறார்? முதலில் அதற்குப் பதில் சொல்.

சுகம் விசாரிக்கக்கூட மறந்துவிட்டேன். என் மனம் ஒரு நிலையில் இல்லை.

உன் கடிதத்தை மதாமுக்குப் பிரெஞ்சில் சொன்னேன், கேலிக்காகத்தான். கிணற்றுத் தண்ணீர், விடியற்காலை, வெறும் வயிறு என்றெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவள் சிரிக்கவில்லை. ராத்திரி என்ன மாத்திரை என்று கேட்டாள். நான் அனுப்பியதை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். இரண்டு என்றதும் மேசையைக் கையால் அடித்தாள்.

நாம் எரிச்சல் என்று திட்டுகிறோமே, அந்த அமிலம்தான் வயிற்றுக்குக் காவலாம். தண்ணீரோடு உள்ளே போகும் கிருமிகளில் முக்கால்வாசியை அது கொன்றுவிடும். அதனால்தான் நீங்கள் எல்லாரும் ஊர்த் தண்ணீரைக் குடித்து நன்றாக இருக்கிறீர்கள். மாத்திரை போட்டவருக்கு ராத்திரி முழுதும் அந்தக் காவல் இல்லை. விடியற்காலையில் சாப்பாடும் இல்லை, அமிலமும் இல்லை. அந்த நேரம் பார்த்து வாய்க்கால் கலந்த தண்ணீரை ஒரு செம்பு குடித்தால் அது அப்படியே உயிரோடு குடலுக்குப் போகும். வாந்திபேதிக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்றாள்.

நான் காலண்டரைப் பார்த்தேன். இருபத்தெட்டில் ஆரம்பித்திருக்கிறாய். ஐந்தாம் தேதி முடிந்திருக்கிறது. கடிதம் என் கைக்கு வரும்போதே ஒன்பது நாளும் ஆகிவிட்டது. இனிமேல் நான் எதைச் சொல்லி எதை நிறுத்துவது?

மாத்திரை என்னுடையது, தண்ணீர் உன்னுடையது. இரண்டில் ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் பயமில்லை. அக்கா, தண்ணீரைக் கொதிக்க வை. பேதி கண்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ.

தெனிஸ்


தந்தி
காரைக்கால், 11.11.1985

அவர் நலம். கவலை வேண்டாம். கடிதம் பின்னால். டெய்சி.


நெரவி
26.11.1985

அன்புள்ள மச்சானுக்கு சவரிநாதன் எழுதுவது. நான் இப்போது நலம். நீங்களும் தங்கச்சி ஜோசெஃபினும் நலமாக இருக்க வேண்டும். கல்யாணம் ஆன பதினேழு வருஷத்தில் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. டெய்சி எழுதுவாள் என்று இருந்துவிட்டேன்.

உங்கள் பத்தாம் தேதிக் கடிதம் முந்தாநாள் வந்தது. அவள் மாவு அரைக்க மில்லுக்குப் போயிருந்தாள். நான் வாங்கிப் படித்தேன். படித்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். கோபிக்க வேண்டாம், விவரம் சொல்கிறேன்.

ஐந்தாம் தேதி மாலை 5.40க்கு நாகூர் வண்டியை அனுப்பினேன். 5.55க்கு முதல் வாந்தி. ஏழு மணிக்குள் பன்னிரண்டு தடவை பேதி, கழுநீர் மாதிரி. எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நாடி கிடைக்கவில்லையாம். எனக்குக் குரல் போய்விட்டது. விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்ததைப் பார்த்தேன், என் கை என்று தோன்றவில்லை. டெய்சி காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். செத்துவிடுவேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. மச்சான், அவ்வளவு பயத்தை நான் அறிந்ததில்லை.

நான்கு நாள் சிறுநீர் இறங்கவில்லை. மொத்தம் பத்தொன்பது பாட்டில் ஏற்றினார்கள். பதினாறாம் தேதி வீட்டுக்கு வந்தேன். வீட்டில் எல்லாரும் அதே தண்ணீரைக் குடித்தார்கள், யாருக்கும் ஒன்றும் இல்லை. எனக்கு மட்டும் ஏன் என்று படுக்கையில் யோசித்துக்கொண்டே இருந்தேன். உங்கள் கடிதத்தில் விடை இருந்தது.

அதை அவள் படிக்கக் கூடாது. மழையில் ஒன்பது நாள் அந்தச் சேற்றில் முழங்காலில் நின்றாள். இரண்டு முழங்காலிலும் இன்னும் புண் ஆறவில்லை. தன் கையால் கொடுத்த தண்ணீர்தான் என்று தெரிந்தால் அவளைப் பிறகு யாராலும் தேற்ற முடியாது. அந்தோணியார்தான் என்னை மீட்டார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், அப்படியே இருக்கட்டும். தண்ணீரைப் பற்றி ஒன்றும் இல்லாமல் அவளுக்கு வேறு கடிதம் எழுதுங்கள். எனக்கு எழுதுவதானால் பஸ் ஸ்டாண்ட் டைம் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுங்கள்.

மாத்திரையை நிறுத்திவிட்டேன். எரிச்சல் திரும்பி வந்துவிட்டது. பொங்கல் கழிந்து பாண்டிச்சேரி போகிறேன். குழாய்க்குப் பயந்தவன் இல்லை நான். அதில் என்ன தெரியுமோ என்று பயந்தவன். உங்கள் அப்பாவின் பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

இப்படிக்கு,
சவரிநாதன்


லியோன்
9.12.1985

அன்புள்ள அக்காவுக்கு, உன் தந்தி கிடைத்து நிம்மதி அடைந்தோம். நாங்கள் நலம். ஜோசெஃபினுக்குச் சளி, இப்போது பரவாயில்லை. இங்கே பனி பெய்கிறது. மழைக்காலமாக இருப்பதால் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது எல்லாருக்கும் நல்லது. அத்தானைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போ. உங்கள் மூவருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

தம்பி தெனிஸ்


லியோன்
9.12.1985

அன்புள்ள அத்தானுக்கு, வணக்கம். நீங்கள் சொன்னபடி அக்காவுக்கு எழுதிவிட்டேன். நாலு வரி எழுத ஒரு சாயங்காலம் ஆயிற்று.

நீங்கள் அக்காவின் கையைப் பற்றி எழுதினீர்கள். என் கையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. எனக்கு எழுதிக் கொடுத்த மருந்தை, உங்களை டாக்டர் பார்க்குமுன் அனுப்பியவன் நான். வலி தெரியாது என்று எச்சரித்தேன், வேறு எதற்கும் பயப்பட எனக்குத் தெரியவில்லை. தந்தியில் நலம் என்று படித்து அன்றைக்கு நண்பர்களோடு சிரித்துச் சாப்பிட்டேன். நீங்கள் அப்போது ஊசியோடு படுத்திருந்தீர்கள்.

என்னை மன்னியுங்கள். பாண்டிச்சேரியில் என்ன சொன்னாலும் மறைக்காமல் எழுதுங்கள்.

தெனிஸ்


சேசு மரி சூசை

நெரவி
2.2.1986

அன்புத் தம்பி தெனிசுக்கு, நீங்கள் இருவரும் சுகம்தானே. இங்கே மூவரும் சுகம். இந்தத் தடவை அதை உண்மையாகவே எழுதலாம்.

பாண்டிச்சேரி போய்வந்தோம். குழாய் விட்டுப் பார்த்தார்கள். கட்டி இல்லை. குடல் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு புண். அப்பாவுக்கு வந்தது இல்லை என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார், நான் இரண்டு தடவை கேட்டதால். அதே ஜாதி மாத்திரைதான் எழுதிக் கொடுத்திருக்கிறார். எட்டு வாரம், ராத்திரி ஒன்று, காய்ச்சிய தண்ணீர்.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். டிசம்பரில் நீ எழுதிய நாலு வரி வந்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. நவநாளைப் பற்றி உனக்கு அரைப் பக்கம் எழுதியிருந்தேன். பதிலில் அந்தோணியார் பெயர்கூட இல்லை. நீ கேலி செய்யாமல் விட்ட முதல் விஷயம் அது. யாரோ சொல்லி எழுதியது என்று தெரிந்தது. இந்த வீட்டில் உனக்கு அப்படிச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான்.

அவர் மறைக்கிற விஷயம் எனக்கு முன்பே தெரியும், தெனிஸ். சேர்த்த அன்று ராத்திரியே டாக்டர் தெட்சிணாமூர்த்தி கேட்டார், "அசிடிட்டிக்கு ஏதாவது மாத்திரை எடுக்குறாராம்மா?" உன் அத்தான் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். "காலைல எந்திரிச்சதும் என்ன குடிச்சாரு?" அதையும் சொன்னேன். டாக்டர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். நான்தான் விடாமல் கேட்டேன், மாத்திரையும் தண்ணீரும் சேர்ந்துதான் இப்படி ஆயிற்று என்று சொன்னார். நோயாளியிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சொன்னால் உன் மாத்திரையால் என்று உன் அத்தான் உன்னைக் குறை நினைப்பார், என் தண்ணீரால் என்று என்னைக் குறை நினைப்பார்.

நலம் என்று தந்தி கொடுத்தேனே, அன்றைக்கு அவருக்குச் சிறுநீர் இறங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பிழைப்பார் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. உண்மையை எழுதினால் அந்த ஊரில் நீ தனியாக என்ன ஆவாய் என்று பயந்துதான் பொய் எழுதினேன்.

இப்போது அவர் எனக்கு முன்னால் எழுந்துவிடுகிறார். அடுப்பு மூட்டித் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பானையில் ஊற்றி வைத்துவிட்டு, சத்தமில்லாமல் வந்து மறுபடி படுத்துக்கொள்கிறார். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். எனக்குத் தெரியும் என்று அவருக்கு எழுதிவிடாதே.

காய்ச்சிய தண்ணீர்தான், தெரியும். ஆனாலும் என்னால் முடியவில்லை. நேற்று வேலையிலிருந்து வந்து உட்கார்ந்து, "தண்ணி குடு டெய்சி" என்றார். தம்ளரில் மொண்டுவிட்டேன். நாலடி நடக்க முடியவில்லை. அமலராணியைக் கூப்பிட்டுக் கொடுக்கச் சொன்னேன். எப்போதும் அப்படித்தான் செய்கிறேன். நவம்பர் மாதத்திலிருந்து என் கையால் அவருக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்ததில்லை. அவரும் ஏன் என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

ஜோசெஃபினை விசாரித்ததாகச் சொல். பனியில் தொப்பி இல்லாமல் போகாதே.

அக்கா டெய்சி